எரிமலைக் கரையில் ஒரு நாள்: வாசகர் கேள்வி–பதில்

தெற்கு இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரத்துக்குக் கிழக்கே வெசூவியஸ், மேற்கே காம்பி ஃபிளெக்ரேயி என்ற இன்னொரு எரிமலைப் பகுதி. இரண்டும் கடலை ஒட்டியே இருக்கின்றன. சென்ற இதழில் இந்தக் கரையைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தனி வண்டி, தனி கைடு வைத்து ஒரே நாளில் சுற்றிவருவது பற்றித்தான். இந்த முறை அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

சார், ஜூன் மாதம் நானும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இத்தாலி போகிறோம். நேப்பிள்ஸில் இரண்டு இரவு தங்கல், நடுவில் ஒரு முழு நாள். டிராவல்ஸ்காரர் பொம்பெய், வெசூவியஸ் உச்சி, அமால்ஃபி கடற்கரை மூன்றையும் தனி வேனில் ஒரே நாளில் காட்டுவதாகச் சொல்கிறார். சரியாக வருமா? (கோவை வாசகர்)

போய்வரலாம், பார்த்த மாதிரி இருக்காது. பொம்பெய், கி.பி. 79-ல் வெசூவியஸ் வெடித்தபோது சாம்பலில் புதைந்துபோன 66 ஹெக்டேர் ஊர், அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள், அவசர அவசரமாக நடந்தாலே மூன்று மணி நேரம் ஓடிவிடும். வெசூவியஸில் வண்டி ஏறுவது சுமார் 1,000 மீட்டர் உயரம் வரைதான், மிச்சம் சாம்பலும் சரளையுமான பாதையில் அரை மணி நேர ஏற்றம், அதற்கும் நேரம் குறித்த டிக்கெட்டை முன்கூட்டியே ஆன்லைனில் வாங்கியிருக்க வேண்டும். அமால்ஃபி சாலையோ ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் கடல் என்று வளைந்துகொண்டே போகும் குறுகலான ரோடு, ஜூனில் அங்கே டூரிஸ்ட் பஸ்ஸின் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்கும் நேரம்தான் அதிகம். பிள்ளைகள் வண்டியில் தூங்கிவிடுவார்கள். மூன்றையும் ஒரே நாளில் திணித்துத் தருகிற யாரையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

அப்புறம் ஒரு விஷயம். பொம்பெய்க்கு நேப்பிள்ஸிலிருந்து சர்க்கும்வெசூவியானா என்ற உள்ளூர் ரயில் இருக்கிறது, நுழைவாயிலுக்குப் பக்கத்திலேயே இறக்கிவிடும். அதற்குப் போய் சில நூறு யூரோ கொடுத்து வேன் பிடிப்பது வீண். ரோமிலிருந்து நேப்பிள்ஸுக்கு அதிவேக ரயிலில் ஒன்றேகால் மணி நேரம்தான், காலையில் கிளம்பினால் வந்திறங்கிய அன்றைக்கு மதியமே பொம்பெய் போய்விடலாம், கோடையில் சாயங்காலம் ஏழு மணி வரை திறந்திருக்கும். வண்டியும் கைடும் வைத்துக்கொள்ளப் பணம் செலவழிப்பதானால் அந்த முழு நாளை மேற்குக் கரைக்குக் கொடுங்கள். அங்கேதான் இடங்கள் சிதறிக் கிடக்கின்றன, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக பஸ்ஸுக்குக் காத்திருந்தே பொழுது போய்விடும். சொல்வதற்கு ஆள் இல்லாவிட்டால் அங்கே பாதி விஷயம் வெறும் கல்லாகவும் குழியாகவும்தான் தெரியும்.

காம்பி ஃபிளெக்ரேயியில் கூம்பு வடிவ மலையைத் தேடாதீர்கள். 12 முதல் 15 கிலோமீட்டர் அகலத்துக்கு நிலம் உள்வாங்கி உண்டான பெரும் பள்ளம் அது, அதில் பாதி கடலுக்கடியில். சுமார் 40,000 ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு பெருவெடிப்பு, சுமார் 15,000 ஆண்டுகளுக்கு முன்னால் இன்னொன்று. இரண்டாவதில் கொட்டிய சாம்பல் இறுகி உண்டான மஞ்சள் பாறையை வெட்டித்தான் நேப்பிள்ஸின் பழைய வீடுகளைக் கட்டினார்கள். அந்தப் பள்ளத்துக்குள்ளேயே ஊர்கள், பள்ளிக்கூடம், குதிரைப் பந்தயத் திடல், திராட்சைத் தோட்டம் எல்லாம் இருக்கின்றன. அதன் நடுவே இருப்பது போட்சுவோலி.

காலையில் முதலில் போட்சுவோலி போங்கள். துறைமுகத்துக்குப் பக்கத்தில் தெருமட்டத்துக்குக் கீழே ஒரு பழைய ரோமானியச் சந்தை இருக்கிறது. 1750-ல் தோண்டியபோது செராபிஸ் என்ற தெய்வத்தின் சிலை கிடைத்ததால் கோயில் என்று நினைத்து செராபியம் என்று பேர் வைத்துவிட்டார்கள், அதுவே நிலைத்துவிட்டது. சுற்றியுள்ள கம்பி வேலியோரம் நின்றே முழுவதையும் பார்க்கலாம். அங்கே மூன்று உயரமான பளிங்குத் தூண்கள் நிற்கும். பிள்ளைகளை அந்தத் தூண்களை மட்டும் ஐந்து நிமிடம் பார்க்கச் சொல்லுங்கள். கீழே சுமார் 12 அடிக்கு வழவழவென்று இருக்கும், அதற்கு மேல் ஏறக்குறைய 9 அடிக்குத் தூணைச் சுற்றிலும் பொத்தல் பொத்தலாக, விரல் நுழையும் அளவில் துளைகள், அதற்கும் மேலே மறுபடி துளை இல்லை. அந்தத் துளைகளைப் போட்டது கல்லைக் குடைந்து உள்ளே குடியிருக்கும் ஒருவகைக் கடல் சிப்பி. அதாவது இந்தத் தூண்கள் நின்ற நிலையிலேயே தரையோடு சேர்ந்து கடலுக்குள் இறங்கியிருக்கின்றன. அடிப்பாகம் சேற்றிலும் சாம்பலிலும் புதைந்திருந்ததால் சிப்பிக்குத் தப்பியது, நடுப்பாகம் தண்ணீரில் நின்றது, நுனி வெளியே தெரிந்தது. பிறகு தரை மறுபடி மேலே வந்தபோது தூண்களும் விழாமல் மேலே வந்துவிட்டன. பூமி சத்தமில்லாமல் மெதுவாக ஏறி இறங்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி இல்லை என்று சார்லஸ் லயல் தன் நிலவியல் நூலுக்கு (1830) முகப்புப் படமாகவே இந்தத் தூண்களைப் போட்டார்.

அங்கிருந்து துறைமுகத்துக்கு நடந்துபோங்கள். மீன்பிடிப் படகுகள் நிற்கும் சிறிய உள்துறையில் தரை உயர்ந்துகொண்டே போவதால் தண்ணீர் வற்றி, சில படகுகள் சேற்றில் சாய்ந்து கிடப்பதைப் பார்க்கலாம். தூணில் பார்த்தது பழங்கதை இல்லை, இப்போதும் நடக்கிறது என்று அப்போதுதான் உறைக்கும்.

அடுத்து ஃபிளேவியன் அரங்கம். மேலே உட்காரும் படிகளை விட்டுவிடுங்கள், ரோமில் கொலோசியம் பார்த்தவர்களுக்கு அது புதிதாக இருக்காது. கீழே இருக்கும் சுரங்க அறைகள்தான் இங்கே விசேஷம். மிருகக் கூண்டுகளை மேலே தூக்கிய வழிகளும் வளைவுகளும் அப்படியே இருக்கின்றன. மண் மூடிக் கிடந்ததால் பிழைத்தவை. கீழே போக அன்றைக்கு அனுமதி உண்டா என்று கைடிடம் முன்பே கேட்டுவையுங்கள்.

மதியம் அவெர்னோ ஏரிக்கரையில் சாப்பாடு. இது எரிமலை வாய் ஒன்றில் தேங்கிய ஏரி. லத்தீன் கவி விர்ஜில் பாதாள லோகத்தின் வாசல் என்று பாடியது இதைத்தான். இன்றைக்கு வாத்துகள் நீந்துகின்றன, சுற்றிவரும் பாதையில் ஊர்க்காரர்கள் ஓட்டப்பயிற்சி செய்கிறார்கள், சரிவில் ஃபலாங்கினா திராட்சை வளர்கிறது. பக்கத்திலேயே மோன்தே நுவோவோ என்ற குன்று, 133 மீட்டர் உயரம். 1538 செப்டம்பர் 29-ஆம் தேதி வெடிக்க ஆரம்பித்து ஒரே வாரத்தில் உண்டானது. அதற்கு முன்னால் தரை உயர்ந்து கடல் பின்வாங்க, கரையில் துடித்த மீன்களை ஜனங்கள் பொறுக்கிக்கொண்டு போனார்கள் என்று அந்தக் காலத்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். ட்ரிபெர்கோலே என்ற கிராமம் அந்தக் குன்றுக்கு அடியில் போய்விட்டது. பிள்ளைகளுக்குக் கால் வலுவிருந்தால் ஏறலாம், அதிகச் செங்குத்து இல்லை.

மாலையில் பாயா என்ற ஊர். ரோமானியப் பணக்காரர்களின் கடற்கரை மாளிகைகள் இருந்த இடம். போட்சுவோலியில் தரை மேலே வந்தது போல இங்கே கீழே போனதால், அந்த மாளிகைகள் இப்போது சுமார் ஐந்து மீட்டர் ஆழத்தில் கடலுக்குள் கிடக்கின்றன. 2002-லிருந்து பாதுகாக்கப்பட்ட கடலடித் தொல்லியல் பூங்கா. அடித்தளத்தில் கண்ணாடி வைத்த படகில் போகலாம், நீந்தத் தெரிந்தவர்கள் முகமூடி போட்டு மிதந்துகொண்டே மொசைக் தரையைப் பார்க்கலாம். கீழே நிற்கும் சிலைகள் நகல்கள், அசலானவை பாயா கோட்டை மியூசியத்தில் இருக்கின்றன. நேரம் மிஞ்சினால் பாயா குளியல் மண்டபங்களில் மெர்க்குரி கோயில் என்று பேர் பெற்ற வட்ட மண்டபத்துக்குப் போங்கள். 21.5 மீட்டர் அகலக் குவிமாடம், ரோமில் உள்ள பாந்தியனுக்கும் முந்தியது. உள்ளே நின்று பேசினால் குரல் சுற்றிச் சுற்றி வரும், பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

கூமா, பாக்கொலி, மிசேனோ எல்லாவற்றையும் அதே நாளில் சேர்க்கச் சொல்லி அந்த டிராவல்ஸ்காரர் மறுபடி ஆசை காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நான்கு இடம் போதும்.

இன்டர்நெட்டில் "டிரைவர்–கைடு" என்று போட்டிருக்கிறார்கள், விலையும் குறைவு. தனியாக கைடு வேண்டுமா? (சென்னை வாசகி)

வேண்டும், இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். இத்தாலியில் தொல்லியல் தளத்துக்குள் நின்று விளக்கம் சொல்ல உரிமம் பெற்ற கைடுக்குத்தான் அனுமதி. அதற்குத் தேர்வு உண்டு, அரசாங்க அட்டை உண்டு. டிரைவர் எவ்வளவு விவரமானவராக இருந்தாலும் வாசலில் இறக்கிவிட்டு வண்டியில் உட்கார வேண்டியதுதான். வழியில் நாலு வார்த்தை சொல்வார், அதற்குத்தான் அந்தப் பேர். செராபியத்தின் தூணில் எது வழவழப்பு, எது துளை என்று கைநீட்டிக் காட்ட ஆள் வேண்டாமா? வண்டியைச் சின்னதாக எடுத்துக்கொள்ளுங்கள், மிச்சமாகும் காசில் நல்ல கைடாகப் பாருங்கள். மொத்த நாளுக்கு முடியாவிட்டால் போட்சுவோலி, பாயா இரண்டுக்கும் சேர்த்து அரை நாளுக்காவது.

பணம் கட்டும் முன் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டியவை சில உண்டு. நுழைவுச் சீட்டு விலையில் சேர்ந்ததா, பார்க்கிங்கும் சுங்கமும் யார் கணக்கு, எத்தனை மணி நேரம், அதற்கு மேல் போனால் மணிக்கு எவ்வளவு, கடல் கொந்தளித்துப் படகு போகாவிட்டால் அந்தப் பணம் திரும்புமா என்பதெல்லாம். நேப்பிள்ஸ் பழைய நகரத்தின் பல தெருக்களில் வெளி வண்டிகள் நுழையத் தடை, அதனால் ஹோட்டல் வாசலுக்கே வருவார்கள் என்று நம்பிக்கொண்டு நிற்காமல், எந்த முனையில் ஏற்றிக்கொள்வார்கள் என்று கேட்டுவிடுங்கள். பவளம், கேமியோ செதுக்குச் சிற்பம் விற்கும் கடைகளில் "பத்து நிமிடம் மட்டும்" என்று நிறுத்துவது அந்தப் பக்கம் வழக்கம். முக்கால் மணி நேரம் போய்விடும். கடை நிறுத்தம் வேண்டாம் என்பதையும் முதலிலேயே எழுதிவிடுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

அங்கே அடிக்கடி நிலநடுக்கம் என்று படித்தேன். தெரிந்தே பிள்ளைகளைக் கூட்டிப்போவது சரியா அக்கா என்று என் தங்கை சண்டை போடுகிறாள். நீங்கள் சொல்லுங்கள். (திருநெல்வேலி வாசகி)

உங்கள் தங்கையின் பயம் நியாயமானதுதான், அதை லேசாகத் தள்ள மாட்டேன். இருக்கிற நிலவரத்தைச் சொல்கிறேன், முடிவு உங்களுடையது.

நிலத்துக்கடியில் வாயுவும் கொதிநீரும் அழுத்தம் கொடுக்க, தரை பூரி உப்புவது போல மேலே வருகிறது. அழுத்தம் குறைந்தால் மெல்ல இறங்குகிறது. 1970 மார்ச்சில் போட்சுவோலியின் மிகப் பழைய பகுதியான ரியோனே தெர்ரா முழுவதையும் காலி செய்தார்கள், சுமார் 3,000 பேர் வீட்டை விட்டுப் போனார்கள், திரும்பிக் குடிவரவே இல்லை. 1982 முதல் 1984 வரை தரை சுமார் 1.8 மீட்டர் உயர்ந்தது, ஏறக்குறைய 40,000 பேரை இடம் மாற்றினார்கள், அவர்களுக்காகவே மோன்தெருசெல்லோ என்ற புதிய குடியிருப்பு கட்டப்பட்டது. இரண்டு முறையும் எரிமலை வெடிக்கவில்லை. இப்போதைய எழுச்சி 2005-ல் ஆரம்பித்தது, கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர் ஆகிவிட்டது. கூடவே நடுக்கங்களும். 2025 மார்ச் 13-லும் ஜூன் 30-லும் 4.6 அளவில் வந்தன. இந்த நடுக்கங்கள் இரண்டு மூன்று கிலோமீட்டர் ஆழத்திலேயே உண்டாவதால் அளவு சிறியதாக இருந்தாலும் வீட்டுக்குள் இருப்பவர்களுக்குப் பலமாகத் தெரியும், சுவர் விரியும், காரை உதிரும்.

2012 டிசம்பரிலிருந்து எச்சரிக்கை நிலை மஞ்சள். அதற்கு மேல் ஆரஞ்சு, சிவப்பு. 1841-ல் தொடங்கிய வெசூவியஸ் ஆய்வகம்தான் இந்தப் பகுதியையும் இரவும் பகலும் கண்காணிக்கிறது. உலகின் முதல் எரிமலை ஆய்வகம் அது. வாராந்திர அறிக்கையைப் பொதுமக்களுக்கே வெளியிடுகிறார்கள். கிளம்பும் முன் எச்சரிக்கை நிலை மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மாறாமல் மஞ்சளாகவே இருந்தால், பகலில் சில மணி நேரம் போய்வருவதில் நான் தவறு காணவில்லை. தங்குவதை நேப்பிள்ஸ் நகரத்தின் கிழக்குப் பக்கமாக வைத்துக்கொள்ளலாம். செங்குத்தான மஞ்சள் பாறைச் சுவர்களுக்கு நேர் கீழே கடலில் குளிக்கவோ நிற்கவோ வேண்டாம், நடுக்கத்தில் அங்கேதான் பாறை சரிகிறது. நடுக்கத்துக்குப் பிறகு சோதனைக்காக ஒரு தளத்தை திடீரென்று மூடினால் கைடோடு சண்டை போட வேண்டாம். மாற்றாக நேப்பிள்ஸ் தொல்லியல் மியூசியம் இருக்கிறது (செவ்வாய் விடுமுறை).

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த அபாய வட்டத்துக்குள் சுமார் ஐந்து லட்சம் பேர் குடியிருக்கிறார்கள். ராத்திரி நடுக்கம் வந்தால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் வந்து நிற்பவர்கள் அவர்கள். விரிசல் விட்ட வீட்டின் முன் நின்று செல்ஃபி எடுப்பது, "எப்போ வெடிக்கும்?" என்று கடைக்காரரிடம் சிரித்துக்கொண்டே கேட்பது, இதெல்லாம் வேண்டாம். உங்கள் பிள்ளைகளுக்கும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

சொல்ஃபதாராவில் தரையிலிருந்து புகை வரும் இடத்தில் நடந்துபோகும் வீடியோ பார்த்தேன். அதுதான் எனக்கு முக்கியம். எவ்வளவு டிக்கெட்? (திருச்சி வாசகர்)

அந்த வீடியோ பழசு. 2017 செப்டம்பரில் தரை உள்வாங்கி ஒரு குடும்பத்தில் அப்பா, அம்மா, மகன் மூவரும் அங்கே இறந்துபோனார்கள். அன்றைக்கு மூடியது. உள்ளே அழைத்துப்போவதாக யாராவது சொன்னால் அவரிடம் பணம் கட்டாதீர்கள். ரோட்டில் போகும்போதே கந்தக வாடை மூக்கில் ஏறும், மேட்டிலிருந்து புகை தெரியும். அவ்வளவோடு திருப்திப்படுங்கள். புகையும் எரிமலை வாயை விளிம்பில் நின்று பார்த்தே ஆக வேண்டுமென்றால் வெசூவியஸ் உச்சிக்குப் போகலாம், 1944-க்குப் பிறகு அது வெடிக்கவில்லை, பாறை இடுக்குகளில் லேசாக ஆவி வரும்.

அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, முட்டி வலி. கூட்டிப்போனால் சிரமப்படுவார்களா? (சேலம் வாசகி)

இடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் சிரமம் இல்லை. செராபியத்தைத் தெருவில் நின்றே பார்க்கலாம். அவெர்னோ ஏரிக்கரை சமதளம், உட்கார இடம் இருக்கும். கண்ணாடிப் படகில் ஏறி இறங்கக் கை கொடுத்தால் போதும், ஆனால் கடல் கொஞ்சம் ஆடினாலும் குமட்டும், அதனால் சாப்பிட்ட உடனே வேண்டாம். பாயா குளியல் மண்டபங்கள் மலைச்சரிவில் அடுக்கடுக்காக இருப்பதால் படிகள் அதிகம், கூமாவிலும் ஏற்றம்தான், இரண்டையும் அம்மாவுக்கு விட்டுவிடுங்கள். பொம்பெய் தெருக்கள் பெரிய பெரிய கற்கள் பாவியவை, இடைவெளியில் செருப்பு மாட்டும். குதிகாலில் பட்டை உள்ள செருப்போ ஷூவோ கட்டாயம். தனி வண்டியின் உண்மையான லாபமே வயதானவர்களுக்குத்தான், அலுத்துவிட்டால் வண்டியில் உட்கார்ந்துகொள்ளலாம்.

நாங்கள் சுத்த சைவம், முட்டையும் கிடையாது. பட்டினிதானா? (கும்பகோணம் வாசகர்)

நிச்சயமாக இல்லை. இத்தாலியிலேயே சைவக்காரர்களுக்கு நல்ல ஊர் நேப்பிள்ஸ் என்பது என் கருத்து. மரினாரா பீட்சா என்று கேளுங்கள், தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய் அவ்வளவுதான், சீஸ்கூட இல்லை. கொண்டைக்கடலை போட்ட பாஸ்தா கிடைக்கும். ஃபிரியாரியெல்லி என்று ஒரு கீரையைப் பூண்டோடு வதக்கித் தருவார்கள், லேசான கசப்பு, நம் வாய்க்கு நன்றாகவே ஒத்துவரும்.

கவனமாக இருக்க வேண்டியது கண்ணுக்குத் தெரியாத சேர்க்கையில். தெருக்கடைகளில் வளையம் வளையமாக அடுக்கி வைத்திருக்கும் தாரல்லோ என்ற மொறுமொறுப்பான மிளகுப் பண்டத்தில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள். மேலே பாதாம் பருப்பும் மிளகு வாசனையுமாக இருப்பதால் நம்மவர்கள் யோசிக்காமல் வாங்கிவிடுகிறார்கள். எண்ணெயில் பொரித்த பீட்சாவின் உள்ளேயும் பன்றிக் கொழுப்பு வறுவல் இருக்கலாம். பழைய பாணி சீஸ்களில் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருள் சேரும், அதைத் தவிர்ப்பவர்கள் பார்மெசானை விட்டுவிட வேண்டும். "இறைச்சி, மீன், முட்டை, பன்றிக் கொழுப்பு சாப்பிட மாட்டோம்" என்று இத்தாலிய மொழியில் ஒரு சீட்டில் எழுதித் தரச் சொல்லி கைடிடம் கேளுங்கள், அந்தச் சீட்டு பயணம் முழுக்க உதவும்.

வரலாறு படிக்கும் மாணவி நான். இந்தக் கரைக்கும் தமிழகத்துக்கும் ஏதாவது தொடர்பு உண்டா? (மதுரை வாசகி)

உங்கள் ஊர்ப் பேரே அங்கே எழுதப்பட்டிருக்கிறது அம்மா. மிசேனோ முனையில் ரோமானியக் கடற்படைத் தளம் இருந்தது. கி.பி. 79-ல் வெசூவியஸ் வெடித்தபோது அந்தப் படைக்குத் தலைவராக இருந்தவர் மூத்த பிளினி. ஜனங்களைக் காப்பாற்றக் கப்பலை எடுத்துக்கொண்டு வளைகுடாவைக் கடந்துபோனவர், மறுகரையில் ஸ்தாபியேவில் இறந்துபோனார். மிசேனோவிலேயே தங்கிவிட்ட அவருடைய சகோதரி மகன், பின்னாளில் தசிதுஸ் என்ற வரலாற்றாசிரியருக்கு எழுதிய கடிதங்களால்தான் அந்த இரண்டு நாளில் நடந்தது நமக்குத் தெரியும். இந்த மூத்த பிளினி தொகுத்த பெரிய நூலில் முசிறித் துறைமுகமும், பாண்டியன் ஆளும் மதுரையும் வருகின்றன. கருமிளகு ஒரு பவுண்டு நான்கு தினாரியஸ் (ரோமானிய வெள்ளிக் காசு), வெண்மிளகு ஏழு, திப்பிலி பதினைந்து என்று விலைப்பட்டியல் வருகிறது. காரத்தைத் தவிர இதில் என்ன இருக்கிறது, இதற்குப் போய் இவ்வளவு தூரம் போகிறார்களே என்று அலுத்துக்கொள்கிறார். வருடத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் (இன்னொரு ரோமானியக் காசு) இந்தியாவுக்குப் போகிறது என்ற அவருடைய கவலையும் அதில்தான்.

அந்த மிளகு போன வழியைப் பாருங்கள். முசிறியிலிருந்து செங்கடல் துறைமுகங்கள், அங்கிருந்து ஒட்டகத்தில் நைல் நதி, அலெக்சாந்திரியா, அங்கே கப்பலேறி இத்தாலி. அந்தக் கப்பல்கள் நெடுங்காலம் வந்து நின்றது ரோமில் இல்லை, போட்சுவோலியில்தான், அன்றைக்கு அதன் பேர் புத்தேயோலி. செங்கடல் பக்கம் பெரெனிகேயில் இந்தியப் பானை ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே கிடைத்தது, குசேர் அல் கதீமில் தமிழ் பிராமியில் "பானை ஒறி" (உறியில் தொங்கவிடும் பானை) என்று எழுதிய ஓடு கிடைத்தது. வழியின் நடுவில் நம்மவர்களின் கையெழுத்து, வழியின் முடிவில் அந்தத் துறைமுகம். சந்தையின் மூன்று தூண்களுக்கு நடுவே என்னவெல்லாம் விற்றிருப்பார்கள் என்று எண்ணிப்பார்க்க எனக்கு எப்போதும் சந்தோஷமாக இருக்கும்.

பொம்பெயில் 1938-ல் கிடைத்த தந்தத்தாலான பெண் சிலையை லட்சுமி என்று நம் பக்கம் நிறையப் பேர் எழுதுகிறார்கள். யட்சி என்பதுதான் இப்போது பரவலான கருத்து, வேலைப்பாடும் தக்காணப் பக்கத்தது, தமிழகத்தது இல்லை. ஆனாலும் இந்தியாவிலிருந்து போய்ச் சாம்பலுக்கடியில் கிடந்து வந்தது அது. நேப்பிள்ஸ் தொல்லியல் மியூசியத்தில், தனி அறையில் வைத்திருக்கிறார்கள், அவசியம் போய்ப் பாருங்கள்.

இதோடு ஒன்று, உங்கள் தெருவில் வீடு கட்டும் இடத்தில் கிடக்கும் சிமெண்ட் மூட்டையில் பி.பி.சி. என்று போட்டிருக்கும். போர்ட்லேண்ட் பொஸோலானா சிமெண்ட். அந்த பொஸோலானா போட்சுவோலியின் சாம்பல் மண்தான். சுண்ணாம்போடு கலந்தால் கடல் தண்ணீருக்கடியிலும் இறுகிவிடும் என்று ரோமானியர்கள் கண்டுபிடித்து, பாலஸ்தீனக் கரையில் செசரியா துறைமுகம் கட்டக்கூட இந்த மண்ணைக் கப்பலில் கொண்டுபோனார்கள். இன்றைக்கு நம் மூட்டையில் பெரும்பாலும் அனல்மின் நிலையச் சாம்பல் சேர்க்கிறார்கள், வேலை ஒன்றுதான்.

பொம்பெயா, ஹெர்குலேனியமா? ஒன்றுக்குத்தான் நேரம். (புதுச்சேரி வாசகர்)

சின்னப் பிள்ளைகளோ பெரியவர்களோ கூட வந்தால் ஹெர்குலேனியம். இடம் சின்னது, இரண்டு மணி நேரத்தில் நிதானமாக முடியும். கி.பி. 79-ன் அதே வெடிப்பில் ஊர் இருபது மீட்டர் ஆழத்துக்கு மூடிப்போனதால் மரக்கட்டில், கதவு, மேல்மாடி உத்தரம் எல்லாம் கரியாகி அப்படியே நிற்கின்றன. பழைய படகுக் கொட்டகைகளில் கடலைப் பார்த்துக் காத்திருந்தபடியே இறந்த சுமார் 300 பேரின் எலும்புகள் கிடைத்தன, அந்த இடத்தில் மட்டும் பிள்ளைகளைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு முழு ஊரின் தெருக்களில் காலாற நடக்க வேண்டும் என்ற ஆசை இருந்தால் பொம்பெய்தான். அங்கே 2024 நவம்பரிலிருந்து ஒரு நாளைக்கு 20,000 பேருக்குத்தான் அனுமதி, டிக்கெட்டில் பேர் இருக்கும், பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

எந்த மாதம் நல்லது? கப்பலில் வந்து இறங்குபவர்கள் அதே நாளில் பார்க்க முடியுமா? (ஈரோடு வாசகர்)

ஏப்ரல், மே, செப்டம்பர் கடைசி, அக்டோபர். ஆகஸ்ட் வேண்டாம், வெயிலும் கூட்டமும் தாங்காது, உள்ளூர்க் கடைகளும் பல மூடியிருக்கும். மாதத்தின் முதல் ஞாயிறு அரசு தளங்களில் இலவச அனுமதி, அதனால் அன்றைக்குப் பொம்பெய் பக்கம் போகவே கூடாது. குளிர்காலத்தில் பாயா படகு ஓடுவது அரிது.

கப்பலில் வருபவர்களுக்குத் துறைமுகத்திலிருந்து போட்சுவோலி அரை மணி நேரம் முதல் முக்கால் மணி வரைதான், அமால்ஃபியை விட இதுதான் பத்திரம். கப்பல் கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்னாலேயே துறைமுக வாசலில் இறக்கிவிட வேண்டும் என்று டிரைவரிடம் காலையிலேயே சொல்லிவிடுங்கள். நேரம் இடித்தால் பாயாவை விட்டுவிட்டுப் போட்சுவோலியையும் ஏரியையும் மட்டும் பாருங்கள்.